எனக்கு லைட் அடித்தவர்கள்

மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பல வருடம் வான் ஓட்டியவன் நான். கல்யாண வீட்டுச் சனம், மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள், மீன்பெட்டி, ஒருமுறை மாப்பிள்ளை வீட்டுக்குப் போன கட்டில் என்று ஏற்றாத பொருளில்லை. அப்படிப்பட்டவன் ஓட்டிய காரின் முதுகில் ஒஸ்லோவில் சிவப்பு எழுத்தில் ஒரு L ஒட்டியிருந்தது. பழகுகிறவனாம். யார், நானா? ஊரில் இதை யாரும் பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்கள்.

நான் கல்யாணம் முடித்து இங்கே வந்தவன். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஆஸ்பத்திரியில் தாதி. ஊர் லைசென்ஸைக் காட்டி இங்கே ஓட்ட முடியாது. அரிச்சுவடியிலிருந்து பழக வேண்டும். பழகும்போது பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் அவள்தான். ரொம்மனில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருவெல்லாம் அவளுடைய வகுப்பறை ஆனது.

எனக்கு லைசென்ஸ் விளையாட்டு இல்லை. ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கை சுருங்கி, நகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு பேக்கரியில் காலையில் கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் வானுக்கு ஆள் தேடினார்கள். முதலாளிக்கு என்னைப் பிடித்துவிட்டது. “ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் லைசென்ஸோடு வா, இல்லாவிட்டால் வேறு ஆளை எடுப்பேன்” என்று சொல்லிவிட்டார். என் கைக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அது கிடைத்தால் நான் இந்த நாட்டில் மறுபடியும் ஓர் ஆள்.

முதல் பரீட்சையில் விழுந்தேன். விழுந்தது கூடப் பரவாயில்லை, காரணம்தான் பொறுக்கவில்லை. “நீங்கள் பயந்து ஓட்டுகிறீர்கள். போக வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறீர்கள்” என்றார் பரீட்சகர். பூநகரி வீதியில் இ.போ.ச. பஸ்ஸோடு மல்லுக்கட்டியவனைப் பார்த்து!

நான் ஏன் நின்றேன் என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் எதிரே வருகிறவன் லைட் அடித்தால் ஒரே அர்த்தம்தான்: நான் வருகிறேன், நீ நில். மதித்தால் வீதியில் இருப்பாய், மதிக்காவிட்டால் வயலுக்குள் இருப்பாய். வழி விட்டவனுக்குச் சின்னதாக ஒரு ஹோர்ன் அடித்து நன்றி சொல்வோம். ஒஸ்லோவில் ஹோர்ன் அடிப்பது ஆளைக் கெட்ட வார்த்தையால் ஏசுவதற்குச் சமம் என்று மனைவி முதல் நாளே என் கையைத் தட்டிவிட்டாள். லைட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லைட் எல்லா ஊரிலும் லைட்தானே என்றிருந்தேன்.

இந்த ஊரில் எனக்கு லைட் அடித்தார்கள், அடித்தார்கள், அப்படி அடித்தார்கள். ஒடுங்கிய தெருவில் நான் வந்தால் எதிரே வருகிறவர் லைட் அடிப்பார். நான் மரியாதையாக நிற்பேன். அவரும் நிற்பார். மறுபடி அடிப்பார். நான் அசையமாட்டேன்.

“லைட் அடிக்கிறார், ஏன் நிக்கிறியள்?” என்பாள் மனைவி.

“லைட் அடிக்கிறான், பிறகு எப்பிடிப் போறது?” என்பேன் நான்.

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் எனக்கு உள்ளே வெந்தது. L காருக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது, முன்னால் வருகிறவனுக்கு அது தெரியாது. அப்படியென்றால் என் முகத்தைப் பார்த்துத்தான் விரட்டுகிறார்கள். தொழிலும் போய், மொழியும் தடுமாறி, இப்போது வீதியிலும் ஒதுங்கு என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் பிறந்த ஊர் இது. என்னால் அவளுக்கு இந்த ஊர் கசந்துபோக வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மருட் பக்கம் பழகப் போனோம். மார்ச் மாதம். வழித்துத் தள்ளிய பனி தெருவோரம் கறுத்துக் குவிந்திருந்தது. மற்றப் பக்கம் முழுக்கக் கார்கள் நின்றன. நடுவே ஒரு வாகனம் போகத்தான் இடம். எதிரே ஒரு சின்ன நீலக் கார் வந்தது. எத்தனை நாள்தான் நானே நிற்பது? இன்றைக்கு நான்தான் முதலில் என்று முடிவு கட்டி, பளிச் பளிச்சென்று இரண்டு தரம் லைட் அடித்துவிட்டு உள்ளே விட்டேன்.

நீலக் காரும் உள்ளே வந்தது. வந்தது மட்டுமா, ஓட்டி வந்த தொப்பிக்காரர் என்னைப் பார்த்துக் கையை வேறு தூக்கினார்!

“ஹேரெகுட்!” என்று மனைவி கத்தினாள். பயந்தால் அவளுக்கு ‘கடவுளே’ கூட நோர்வேஜியனில்தான் வரும். நான் பிரேக்கை ஏறி மிதித்தேன். பனியில் சறுக்கி, இரண்டு காரும் மூக்கோடு மூக்கு முட்டுமாப்போல் வந்து நின்றன. தொப்பிக்காரர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சொல்ல, நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் எடுத்தேன். அவர் எங்களைக் கடந்து போகும்போது மறுபடி கையைத் தூக்கிச் சிரித்துவிட்டுப் போனார்.

“என்ன திமிர் பார்த்தீரே! இடிக்க வந்ததுமில்லாமல் கையை வேற ஓங்கிறான்.”

“நீங்கள்தானே அவரை வரச்சொன்னனீங்கள்!”

“நானோ? எப்ப?”

“லைட் அடிச்சனீங்களே.”

“அடிச்சது, நான் வாறன், நீ நில் எண்டு.”

அவள் என்னை அப்படியே பார்த்தாள். “இஞ்சை லைட் அடிச்சா, நீங்கள் வாங்கோ, நான் நிக்கிறன் எண்டு அர்த்தம். அவர் கை ஓங்கேல்லை. ‘தக்’ எண்டு நன்றி சொன்னவர்.”

காரை ஓரமாக நிறுத்தினேன். பிறகு நான் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன்.

“அப்ப எங்கடை தெருவிலை அந்தக் குப்பை லொறிக்காரன்?”

“வழி விட்டவர்.”

“மூண்டு தரம் அடிச்சாளே, சிவப்புக் கார்க்காரி?”

“நீங்கள் போகேல்லை. பாவம், அதாலைதான் மூண்டு தரம்.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் என் கண்ணில் வந்த நீர் வேறு. வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. என்னை விரட்டினார்கள் என்று இராத்திரியில் புரண்டு படுக்க வைத்த ஒருவர்கூட என்னை விரட்டவில்லை. அத்தனை பேரும் எனக்கு வழிவிட்டு, நான் வருவேன் என்று காத்து நின்றிருக்கிறார்கள். நான் மனதுக்குள் வைத்திருந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் நன்றிக்குத் தூக்கிய கையால் ஒஸ்லோ நிறைந்தது. வழி விட்டவருக்குக் கை, கடவையில் நின்றவருக்குக் கை, சும்மா நாயோடு போனவருக்கும் கை. “பாப்பரசர் மாதிரி எல்லாருக்கும் கை காட்டாதேங்கோ. ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ” என்று மனைவி ஏசினாள். நாலு விரலை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து உயர்த்தினால் போதும் என்று காட்டித் தந்தாள்.

ஈஸ்டருக்கு முன் இரண்டாவது பரீட்சை வந்தது. பயிற்சிப் பள்ளியின் கார். பக்கத்தில் பரீட்சகர், முன்பு வந்தவர் அல்ல, பேசாத ஒரு பெண். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, வீதி வேலைக்காகப் பாதி அடைத்த ஓரிடத்தில் எதிரே ஒரு பஸ் லைட் அடித்தது. தெரியும், எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். ஆனாலும் பழக்கதோஷம், கால் தன் பாட்டில் பிரேக்குக்குப் போய்விட்டது. போச்சு, பாண் வான் போச்சு என்று நினைத்தேன். பஸ்ஸின் சில்லு முழுதாக நின்றதைப் பார்த்தேன். காலை எடுத்து மெதுவாக உள்ளே போனேன். கடக்கும்போது நாலு விரலை உயர்த்தினேன். பஸ் ஓட்டுநரும் உயர்த்தினார்.

பரீட்சை முடிந்து கார் நின்றதும் அந்தப் பெண் முதலில் பஸ்ஸைப் பற்றித்தான் சொன்னார். லைட்டை மட்டும் நம்பி ஓடாமல், பஸ் உண்மையிலேயே நின்றதா என்று பார்த்துப் போனது நல்லது என்றார். நான் பார்த்தேனா, பயந்தேனா என்பது மாதாவுக்குத்தான் தெரியும். பாஸ் என்று சொல்லிக் கை குலுக்கினார்.

வெளியே மனைவி எங்கள் காரோடு நின்றாள். இரவு வேலை முடித்து, வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே பின்னால் போய் L-ஐப் பிய்த்தெடுத்து என் கையில் தந்தாள். பேக்கரி முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். திங்கட்கிழமை வரச்சொல்லிப் பதில் வந்தது.

நான் ஓட்டினேன், அவள் பக்கத்தில் இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்துத் திரும்பினால், அவள் கதவில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். இத்தனை மாதத்தில் நான் ஓட்டும்போது அவள் வீதியிலிருந்து ஒருநாளும் கண்ணை எடுத்ததில்லை. எங்கள் வீட்டுத் திருப்பம் வந்தது. நின்றால் எழும்பிவிடுவாள் என்று திரும்பாமல் இன்னும் அப்பாலுள்ள வெஸ்ட்லி வரை ஓட்டிப் போனேன்.