மார்ச் முப்பதாம் தேதி, போஸ்டாபீஸ் க்யூவில்

வருமான வரி ஆலோசகர் என்று கார்டு அடித்துக்கொண்ட முதல் சில வருடங்கள் எனக்கு மார்ச் மாதத்தில் மட்டும்தான் வேலை. மற்ற பதினோரு மாதமும் சேலத்தில் அந்தக் கார்டைக் கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள்வது வேலை. மார்ச் பிறந்ததும் காலை பஸ்ஸில் ஏற்காடு ஏறிவிடுவேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் யாரோ ஒருவருடைய கணக்கில் நான் விட்டுவிட்ட ஏதோ ஒன்று நினைவுக்கு வரும். மேலே போய் இறங்கும்போது வயிறு சரியாக இருக்காது. காரணம் மலைப்பாதையா, என் தொழில் திறமையா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆபீஸ் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற பகுதியில். ஆபீஸ் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. சாகுல் பாயின் மிளகு, காப்பித்தூள் கடையில் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். வாடகைக்குப் பதிலாக அவருடைய ரிட்டனை இலவசமாகப் போட்டுக் கொடுப்பேன்.

எயிட்டி சி என்ற பிரிவு வந்த புதிது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் குறிப்பிட்ட சிலவற்றில் பணம் போட்டால், அந்தத் தொகையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், வரி குறையும். போஸ்டாபீஸ் என்எஸ்சி பத்திரம், எல்ஐசி பிரீமியம், பிள்ளைகளின் படிப்புக் கட்டணம் என்று பட்டியல் நீளம். நான் அதை இரண்டாக வெட்டி மனதில் வைத்திருந்தேன். சம்பளக்காரர் வந்தால் என்எஸ்சி. வட்டி வாங்க மாட்டேன் என்கிற சாகுல் பாய் மாதிரி ஆள் வந்தால் ஸ்கூல் பீஸ் ரசீது. அதற்கு மேல் யோசிக்க மார்ச்சில் ஏது நேரம்?

அந்த முப்பதாம் தேதி பத்து மணிக்குள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். ஒரு லாட்ஜ்காரர் நின்றபடியே, "ஏனுங்க, வருசக் கடைசின்னா சித்திரை ஒண்ணுக்கு மொத நாள்தானுங்களே? இன்னும் ரெண்டு வாரம் கிடக்குது, ஏன் இப்புடிப் பறக்கறீங்க?" என்றார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இன்னொருவரிடம் கையெழுத்து வாங்கி, மூன்றாமவருடைய டீயைக் குடித்துவிட்டேன்.

அப்போதுதான் ரைட்டர் பழனிசாமி வந்தார். செம்மநத்தம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதுகிறவர்.

"மார்ச் சம்பளத்துல மொத்தமா வரி புடிக்கறாங்களாமுங்க. நாளைக்குள்ள சேமிப்புக்கு அத்தாட்சி குடுத்தா உட்டுருவாங்களாம்."

"சேமிப்பு என்ன இருக்குது?"

"பிஎப் மட்டுந்தானுங்க."

"கையில பணம்?"

மஞ்சள் பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "இருவதாயிரம் இருக்குதுங்க. ஆனா..."

"நேரா போஸ்டாபீஸ் போங்க. அம்புட்டுக்கும் என்எஸ்சி வாங்கிருங்க. ரெண்டாயிரம் வரி மிச்சம். ஆறு வருசம் கழிச்சு வட்டியோட கைக்கு வரும். அடுத்தது யாருங்க?"

போய்விட்டார். நான் அடுத்த பாரத்தில் பாதி வந்திருப்பேன். சாகுல் பாய் மிளகை நிறுத்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"ரைட்டரு பாவமுங்க. நேத்து இங்க நின்னு நொம்பப் பொலம்பினாரு. பாப்பா சேலத்துல நர்சிங் படிக்குதாம். நாளைக்குள்ள பீஸ் கட்டலைன்னா பரீட்சைக்கு உடமாட்டாங்களாம். எப்புடியோ இருவதாயிரம் பொரட்டிட்டாராட்ட இருக்குது."

என் பேனா நின்றது. "அந்தப் பணத்தையா போஸ்டாபீசுக்குக் கொண்டு போயிருக்காரு?"

"நீங்கதானுங்களே அனுப்புனீங்க." தராசைக் கீழே வைத்தார். "ஏனுங்க, எம் பசங்க பீசைக் கழிச்சுக் குடுத்தீங்களே. ரைட்டரு மகளுக்கு அது ஆவாதுங்களா?"

ஆகும். பள்ளிக்கூடத்துக்கு ஆவது நர்சிங் கல்லூரிக்கும் ஆகும். ரைட்டருக்கு அதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

ஓடினேன். பாதி வழியில் ஒரு செருப்பு கழன்றது, எடுக்க நிற்கவில்லை. சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று, பின்னால் யார் துரத்துகிறார்கள் என்று பார்த்தபடி ஒதுங்கி வழிவிட்டது.

போஸ்டாபீஸ் ஜன்னலில் பழனிசாமிதான் நின்றிருந்தார். உள்ளே கிளார்க் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பாரத்தில் நாமினி என்ற இடத்தில் மகள் பெயரை அழகாக எழுதியிருந்தார் ரைட்டர்.

"சார், இவருக்குப் பத்திரம் வேண்டாமுங்க. பணத்தைக் குடுத்துருங்க" என்றேன்.

"நீங்க யாருங்க?"

"இவரோட வரி ஆலோசகருங்க."

"அப்ப வாங்கச் சொன்னது யாரு?"

"அதும் நானுங்க."

ஒற்றைச் செருப்போடு நின்ற ஆலோசகரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பணத்தை ரைட்டர் பக்கமே தள்ளினார்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். "பாப்பா பீஸைக் கட்டுங்க. அந்த ரசீதுதான் உங்களுக்கு அத்தாட்சி. ட்யூஷன் பீஸ் தனியா, ஹாஸ்டல் தனியான்னு போட்டு வாங்கிக்கோங்க. ஹாஸ்டலைக் கழிக்க முடியாது."

பழனிசாமி படியில் உட்கார்ந்துவிட்டார். "கவர்மெண்டு காரியமாச்சே, அதை மொதல்ல முடிச்சுருவோம்னு இருந்தேனுங்க. காலேஜ்ல யாரு கால்லயாச்சும் உழுந்து தவணை கேட்டுக்கலாம்னு."

"இதை மொதல்லயே என்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"நீங்க சேமிப்பு என்ன இருக்குதுன்னுதானுங்க கேட்டீங்க. செலவு என்ன இருக்குதுன்னு கேக்கலீங்களே." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. காலையில் அனுப்பிய பதினோரு பேரின் தாள்களையும் திரும்பப் பிரித்து, இரண்டு பேருக்குப் போன் செய்து மறுபடி வரச் சொன்னேன். மறுநாள் மதியம் ரைட்டர் ரசீதோடு வந்து நின்றார். ட்யூஷன் பதினாறாயிரம், ஹாஸ்டல் நாலாயிரம். அதை எஸ்டேட் ஆபீசில் ஏற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களின் கம்ப்யூட்டரிலும் முதல் கட்டம் சேமிப்புதான். அதை நிரப்புவதற்கு முன்னால், இந்த வருடம் வீட்டில் என்ன செலவு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். முதல் பாதியை நான் அன்றே கற்றுக்கொண்டேன். இரண்டாம் பாதிக்கு இன்னும் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது.