ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு எதற்கெல்லாம் பொட்டு வைப்பது என்பதில் எங்கள் தொழிற்சாலைக்கு வரைமுறையே கிடையாது. லேத் மெஷின், ஃபோர்க்லிஃப்ட், கேன்டீன் கிரைண்டர், அந்த வருடம் புதிதாக வந்த கம்ப்யூட்டர். ஒன்றையும் விடாதே என்றார் மேலாளர். நானும் விடவில்லை. திரைக்கு வைத்தேன், கீபோர்டுக்கு வைத்தேன், மிச்சமிருந்த சந்தனத்தை ஃப்ளாப்பிக்கும் வைத்தேன்.

நான் தற்காலிக டைப்பிஸ்ட். அது ஆறாவது மாதம்; நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம், இல்லையென்றால் திருநெல்வேலிக்கு பஸ். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கான நாற்பது பக்க அறிக்கையை, மேலாளர் கையால் எழுதித் தரத் தர, மற்ற வேலைகளுக்கு நடுவே மூன்று வாரமாக அடித்திருந்தேன். அதைச் சேமித்து வைத்திருந்தது அந்த ஒரே ஃப்ளாப்பியில்தான். பிரின்டர் ரிப்பன் வீணாகும் என்று மேலாளர் பிரின்ட் எடுக்க விடவில்லை.

மறுநாள் விஜயதசமி, விடுமுறை. மத்திகிரி வாடகை வீட்டில் சாம்பாருக்குத் தாளிக்கும்போதுதான் உறைத்தது. ஃப்ளாப்பியின் உறையில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும், உள்ளே கறுப்புத் தகடு தெரியும். விரல் படவே கூடாத இடம். பொட்டை எங்கே வைத்தேன்? உறையிலா, தகட்டிலா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். கடைசியில் டவுன் பஸ் ஏறி கம்பெனி கேட்டுக்கே போய்விட்டேன்.

காவலாளி அசையவில்லை. "பூஜ போட்ட ரூம இன்னிக்குத் தொறக்கக் கூடாதும்மா. நாளைக்குத் தேங்கா ஒடச்சிட்டுத்தான்."

ஜன்னல் வழியாகவாவது பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். ஜன்னலிலும் மாவிலை கட்டி, திரையை இழுத்து விட்டிருந்தார்கள்.

மறுநாள் தேங்காய் உடைத்தார்கள். ஃப்ளாப்பியைப் போட்டேன். கரகரவென்று சத்தம் வந்தது, பிறகு பச்சை எழுத்தில் படிக்க முடியவில்லை என்று வந்தது. வெளியே எடுத்தால் தகட்டின் நட்டநடுவே சந்தனம், காய்ந்து வெடித்திருந்தது.

"யாரு வெச்சது?" என்றார் மேலாளர்.

"நாந்தான் சார். நீங்கதான் எதையும் விடாதன்னு சொன்னீங்க."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கு என்றைக்கு அது வந்தது? அவர் முகம் சுருங்கியது. ஆய்வு அடுத்த நாள். அவர் கையால் எழுதித் தந்த தாள்கள் நல்லவேளை குப்பைக்குப் போகவில்லை. காபிகூடக் குடிக்காமல் அடித்தேன். புது ஃப்ளாப்பியில் பக்கத்துக்குப் பக்கம் சேமித்தேன், சேமித்ததா என்று திறந்து பார்த்தேன், மறுபடி சேமித்தேன். ஆறு மணி சங்கு ஊதும்போது நாற்பது பக்கமும் மேலாளர் மேஜையில் இருந்தது. அவர் பக்கங்களை எண்ணிப் பார்த்து டிராயரில் வைத்துப் பூட்டினார். ஆய்வு நன்றாகவே முடிந்தது, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

மாதக் கடைசியில் மேலாளர் ஒரு கடிதம் அடிக்கச் சொல்லித் தாளைக் கொடுத்தார். பெயர் எழுதும் இடத்தில் என் பெயர். தற்காலிகக் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிப்பு, காரணம் கவனக்குறைவு. ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். அடித்து, இரண்டு ஃப்ளாப்பியில் சேமித்தேன்.