பெஹாலாவில் கிடைத்த கேசட்

ஞாயிறு மாலைகளில் கொல்கத்தா லேக் கார்டன்ஸில் ஆபீஸ் நண்பர் வீட்டில் கூடி, யாருக்கும் தெரியாத பழைய பாட்டுகளைக் கேட்போம். கிறுக்குத்தனமாக இருந்தால் கொண்டாட்டம் இன்னும் கூடும். போன மாதம் அவர் பெஹாலாவில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து பெயர் எழுதாத கேசட் ஒன்றை வாங்கி வந்திருந்தார். சுருதி சேராத ஹார்மோனியம், இடையிடையே மேளம், ஓர் ஆணின் ஓலம். எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். "தாருண்! பிரமாதம்! மொழியே இல்லாத பாட்டு. பைத்தியக்கார மேதை!" என்று நண்பர் வங்காள மொழியில் உருகினார்.

அது தமிழ். அங்கே எனக்கு மட்டும்தான் புரிந்தது.

"அண்ணி, கதவத் தெறங்க. இனிமே பாட மாட்டேன். கொஞ்சம் தண்ணியாவது குடுங்க."

மேளம் என்று அவர்கள் ரசித்தது, பாடியவர் உள்ளேயிருந்து கதவை இடித்த சத்தம். நிறுத்தச் சொன்னேன். கேசட்டில் இருப்பவர் சொல்வது என்னவென்று வங்காள மொழியில் விளக்கினேன். நண்பருக்குக் கண் கலங்கியது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

சை! நண்பர் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, கதவுச் சத்தம் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று வால்யூமைக் கூட்டினார்.