கரும்பலகையில் நான் எழுதிய சொல்

திண்டுக்கல்லில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்த வருஷம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அம்மாள் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போர்டில் ‘பின்னம்’ என்று எழுதினேன். இரண்டு நாள் உருப்போட்டதை ஒப்பித்தேன்: இங்கிலீஷ்காரர்களின் ‘ஃப்ராக்‌ஷன்’, உடைப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; ஜெர்மன்காரர்களும் பின்னத்தை ‘உடைவு’ என்றே சொல்கிறார்கள்.

“போர்டுல பின்னம்னு எழுதியிருக்கீங்களே, அது எதுலருந்து வந்துச்சு?” என்றார் அம்மாள்.

எனக்குத் தெரியவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“எங்க ஊருக் கோயில்ல கை ஒடஞ்ச சாமி செலயப் பின்னமாயிருச்சுன்னு எடுத்து வச்சுட்டாக டீச்சர். இதுவும் ஒடஞ்சதுதானே?”

அம்மாள் அவள் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். என் பெயரைக் கேட்கவே இல்லை.