பாங்குக்கு முன்னால் ஒரு டம்ளர்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஊசி போட்டால் சாப்பிட வேண்டும், சாப்பிடுவதென்றால் ஊசி போட வேண்டும். மற்றதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், இதில் பேச்சுக்கே இடமில்லை. என் மகளுக்கு ஏழு வயதில் சர்க்கரை வந்தது. பிள்ளைகளுக்கு வருமே, அந்த வகை. மாத்திரைக்கு அடங்காது, ஆயுசுக்கும் இன்சுலின்தான். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. புள்ளைக்கு இனிப்பு நிறைய குடுத்தீங்களா என்று என்னைக் கேட்காத ஆள் நாங்கள் இருக்கும் பாலக்கரையில் கிடையாது. முதலில் பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, ஆமா, மூட்டை மூட்டையா குடுத்தேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

பெரியவள் ஓடுவாள், சின்னவன் உட்காருவான். இதுதான் என் இரண்டு பிள்ளைகள். அவள் ஸ்கூல் ரிலே டீமில் இருக்கிறாள், மாடிப்படியைக்கூட நடந்து ஏறியதில்லை. அவனுக்குப் பத்து வயது, செஸ் போர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் எழுந்திருக்க மாட்டான். அவனுக்கு வீசிங் உண்டு. அதனால் என் கைப்பையில் ஒரு பக்கம் குளுக்கோஸ் பாக்கெட், இன்னொரு பக்கம் இன்ஹேலர். அவர்களுடைய அத்தா, என் வீட்டுக்காரர், சவூதியில் இருக்கிறார். தினமும் போனில், ரெண்டும் நல்லா இருக்கா என்று கேட்பார். நல்லா இருக்குங்க என்பேன். பாவம், அங்கிருந்து அவர் என்ன செய்ய முடியும்?

போன ரமலானில் சின்னவன் முதல்முறையாக ஒரு முழு நோன்பு வைத்தான். வீசிங் இல்லாத நாளாகப் பார்த்து நான்தான் சம்மதித்தேன். முதல் நோன்பு என்றால் எங்களில் சும்மா விட மாட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், புதுச் சட்டை, கழுத்தில் மாலை, வீடியோ காலில் அத்தாவின் கண்ணீர். நாள் முழுக்க சோர்ந்து கிடந்த பயல், பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து பேரீச்சம்பழம் கடித்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்மணி என் மகளின் தலையைத் தடவி, தம்பிக்குக் கெடச்சது, இதுக்குக் குடுப்பினை இல்ல பாரு என்றாள். நான் சும்மா இருப்பேனா? நோன்புக் கஞ்சியில உப்பு பாத்தீங்களா, அத மட்டும் பாருங்க என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. என் மகள் முகம் அதற்கு முன்பே சுண்டியிருந்தது.

ரமலான் மாதம் முழுக்க அவள் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை. நோன்பாளிகள் எதிரில் சாப்பிடக் கூடாது என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்தது. மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள், சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தமில்லாமல் தின்றுவிட்டு வருவாள். இங்கே வந்து சாப்பிடு, எனக்கொன்றும் ஆகாது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

பெண்களுக்கென்று நடக்கும் பயானுக்கு, மார்க்கச் சொற்பொழிவுக்கு, அவளையும் கூட்டிப்போவேன். ஒருநாள் அங்கே ஒரு பெண், ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்று கேட்டாள். முறியாது, அது உணவு இல்லையே என்றார் பயான் சொல்லும் அம்மா. அதோடு நிறுத்தவில்லை அவர். உயிருக்கு ஆபத்து இருக்கிறவர்கள் நோன்பு வைக்கவே கூடாது, அல்லாஹ் அதைக் கேட்கவில்லை என்றும் சொன்னார். ஆனால் என் மகள் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதே ரமலானின் இருபத்தேழாம் நோன்பு, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூலில் சின்னவனுக்குச் செஸ் போட்டி. காலையிலேயே அவனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். போட்டி நாளில் அவனுக்கு நோன்பு கிடையாது என்று முன்பே சொல்லியாயிற்று. மகளுக்குப் பரீட்சை நேரம், வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று சோறும் குழம்பும் ஹாட்பாக்சில் வைத்துவிட்டு வந்தேன். நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார அக்கா இருக்கிறார். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காத மனுஷி, ஆனாலும் கூப்பிட்ட குரலுக்கு வருவார்.

மத்தியானம் போன் செய்து, ஊசி போட்டாச்சா என்று கேட்டேன். போட்டேன்மா என்றாள். அதோடு வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஊசிக்குப் பின்னால் தட்டு வரும், இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை. சின்னவன் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தான். அக்கா ஊசி போட்டுட்டாளாம், நீ கவலையில்லாம ஆடு என்றேன். ஸ்பூன் அப்படியே நின்றது. என்னடா என்றேன். ஒன்னுமில்லம்மா என்று டப்பாவை மூடிவிட்டான்.

கடைசி ரவுண்டு. ஜன்னல் கம்பிக்கு வெளியே அப்பாக்களும் அம்மாக்களும் முட்டிமோதி நின்றிருந்தோம். அவன் காய்கள் நல்ல நிலையில் இருந்தன. எனக்குச் செஸ் தெரியாது, பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார், உங்க பையன் ஜெயிச்ச மாதிரிதான் என்று. ஆனால் பயல் போர்டைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பாரு, அங்கே பாரு என்று விரலால் காட்டினேன். அவன் உதட்டைக் கடித்தான். வீசிங் வருகிறதோ என்று இன்ஹேலரைத் தூக்கிக் காட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வெயிலில், நோன்போடு, இதற்காகவா அழைத்து வந்தேன்?

திடீரென்று எதிரே இருந்த பையனுக்குக் கை கொடுத்துவிட்டு எழுந்தான். தோற்றதாக ஒப்புக்கொண்டு எழுந்து வருகிறான். வாசலுக்கு வந்தவனைத் தோளைப் பிடித்து உலுக்கி, ஜெயிக்கிற ஆட்டத்தையாடா விட்டுட்டு வர்றே என்று கேட்டேன். அவன் அழ ஆரம்பித்தான்.

"அக்கா இன்னிக்கு நோன்பும்மா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ஊசி போட்டா சாப்பிடணும்ல? அவ சாப்பிட்டிருக்க மாட்டா."

ஊசி உள்ளே போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சோறு போகவில்லை. இன்சுலின் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையெல்லாம் வழித்துத் தின்றுவிட்டு, கடைசியில் மூளைக்கு ஒன்றுமில்லாமல் செய்துவிடும். வலிப்பு வரும். அதற்கு மேலும் வரும். மகளுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கீழ்வீட்டு அக்காவுக்குப் போட்டு, மாடிக்கு ஓடுங்க, வாயில சர்க்கரைத் தண்ணி ஊத்துங்க, 108க்குச் சொல்லுங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பின்னால் உட்கார்ந்து சின்னவன் போனை என் ஹெல்மெட்டுக்குள் செருகிப் பிடித்திருந்தான். மாம்பழச்சாலை தாண்டியதும் காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு வந்த வேன்கள் வாலோடு வால் ஒட்டி நின்றன. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஒரு வேன் டிரைவர் தலையை நீட்டி ஏதோ திட்டினார். திரும்ப நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. நோன்போடு வாயில் வரக் கூடாத வார்த்தை. என் முதுகில் சின்னவனின் மூச்சு விசிலடித்தது. பையில கையை விட்டு நீயே அடிச்சுக்கோ என்றேன். ஒரு கையால் போனைப் பிடித்தபடி மறு கையால் இன்ஹேலர் அடித்துக்கொண்டான்.

போனில் கீழ்வீட்டு அக்காவின் குரல் வந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது, தட்டித் தட்டி, கெஞ்சி, கடைசியில் திறந்துவிட்டாள் என்றார். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறுகிறது, தொழுகை விரிப்பில் உட்கார்ந்துகொண்டு டம்ளரைத் தட்டிவிடுகிறாள். அப்புறம் அவர் குரல் இறங்கியது.

"நோன்புன்னு சொல்லுதும்மா. சாமி காரியமாச்சே, நான் எப்படி பலவந்தமா வாயில ஊத்துறது?"

"ஊத்துங்கக்கா. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

ஊற்றியிருக்கிறார். அவள் துப்பிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். சர்க்கரை இறங்கினால் பிள்ளைக்கு முரட்டுப் பிடிவாதம் வரும், அது எனக்குப் பழக்கம். ஆனால் அப்போதெல்லாம் நான் பக்கத்தில் இருப்பேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு, மெயின் கார்டு கேட், மரக்கடை, எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. பள்ளிவாசல் வாசலில் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. விலகுங்க விலகுங்க என்று கத்திக்கொண்டே உள்ளே புகுந்தேன்.

படியில் செருப்பைக் கழற்றக்கூட நிற்கவில்லை. அவள் விரிப்பில் சுவரோரமாகச் சரிந்திருந்தாள். துப்பட்டா கழுத்தில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைச் சரியாகப் பார்க்கவில்லை. விரலைக் குத்தினேன். எழுபதாவது இருக்க வேண்டிய சர்க்கரையை மீட்டர் நாற்பதுக்கும் கீழே காட்டியது. ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கி வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் விழுங்கவே முடியாது, பிறகு வாயில் ஊற்றுவதும் ஆபத்து.

"பாங்கு சொல்லியாச்சும்மா, குடி" என்றேன்.

அவள் மெதுவாக ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று அடித்துக்கொண்டிருந்தது. பிற்பகல் தொழுகையான அஸருக்கே இன்னும் பாங்கு சொல்லவில்லை.

"பொய். நோன்போட பொய் சொல்றீங்க." குழறிக் குழறிச் சொன்னாள். "உங்களுக்கும் நோன்பு. அவனுக்கும் நோன்பு. எனக்கு மட்டும்..."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அறையலாம் போலிருந்தது, அள்ளி மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டம்ளரை என் வாயில் வைத்து, அவள் பார்க்கப் பார்க்க, பாதியைக் குடித்தேன். விடியலிலிருந்து காய்ந்து கிடந்த தொண்டையில் அந்தத் தித்திப்பு இறங்கியது. கீழ்வீட்டு அக்கா ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப எனக்கும் நோன்பு இல்ல. மிச்சத்த நீ குடி."

அவள் என் உதட்டையே பார்த்தாள். ஈரத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். இன்னொரு டம்ளர் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அவள் கண்ணில் தெளிவு வந்தது. ஆம்புலன்சில் வந்தவர்கள் பார்த்துவிட்டு, நேரத்துக்குக் குடுத்தீங்க என்றார்கள், ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை கூட்டிப்போய் வந்தோம். திரும்பி வரும்போது ஆட்டோவில்தான் அவளுக்கு எல்லாம் உறைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க நோன்ப நான் முறிச்சுட்டேனாம்மா என்று கேட்டாள். நீ எங்க முறிச்சே, குடிச்சது நான்தானே என்றேன். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த சின்னவன், சத்தியத்தை மீறியது தானாச்சே என்ற பயத்தில், அவள் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். வீடு வந்து இறங்கும்போது அவள் அவன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து, நீ ஜெயிச்சிருப்பியாடா என்று கேட்டாள். ஆமா, ஈசியா என்றான். லூசு என்றாள். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம்.

அத்தாவிடம் அன்றிரவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வழக்கமான நல்லா இருக்குங்க அன்றைக்கு என் வாயில் வரவில்லை. அவர் மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். என்ன பேசினார்களோ, நான் கேட்கவில்லை.

பயான் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னேன், இந்த முறை முழுசாகக் கேட்கட்டும் என்று. ஓர் உயிரைக் காப்பாற்ற முறித்த நோன்புக்குக் குற்றமில்லை, பெருநாள் கழித்து அதற்கு ஈடாக ஒரு நோன்பு களாவாக வைத்துவிடுங்கள் என்றார். பிறகு மகளைப் பார்த்து, உனக்கு நோன்பு கடமையில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்வதுதான் கடமை என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியதை நான் நம்பவில்லை.

பெருநாள் கழிந்த அடுத்த வாரம் ஒரு லீவு நாளில் விட்ட நோன்பை வைத்தேன். வீட்டில் நான் ஒருத்திதான் நோன்பு. மத்தியானம் அடுப்படியில் தட்டுச் சத்தம் கேட்டது. வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்காருவாள் என்று நான் எழுந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கூடத்துக்கு வந்தாள். என் எதிரே பாயில் உட்கார்ந்தாள். விரலைக் குத்தி மீட்டரை எனக்குக் காட்டினாள், ஊசி போட்டாள். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தவள், கை அப்படியே நிற்க என்னைப் பார்த்தாள்.

"உங்க முன்னாடி சாப்பிடலாமாம்மா?"

"சாப்பிடு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, தட்டைச் சாய்த்து எனக்குக் காட்டினாள்.