முள்ளு எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

மேற்குத் தாம்பரத்தில் பத்திரிகையும் ஸ்டிக்கரும் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. கம்ப்யூட்டரில் 'ஓல்டு இங்கிலீஷ்' என்று ஓர் இங்கிலீஷ் எழுத்து வடிவம் இருக்கிறது. தடித்த கறுப்புக் கோடுகள், முனைக்கு முனை ஈட்டி. அழகுதான், ஆனால் படிக்க வராது. அதன் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஜிம்காரருக்கு அது "ரவுடி எழுத்து". புல்லட் டேங்குக்குப் பெயர் ஒட்ட வருகிறவர்களுக்கு "முள்ளு எழுத்து". முடிச்சூர் அக்கா ஒருவர் மட்டும் அதைச் "சாவு எழுத்து" என்பார். அவர் கணவரின் சிலுவை போட்ட நினைவு அட்டையை அதில்தான் அடித்துக் கொடுத்திருந்தேன்.

அந்த அக்காவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் கோவளம். கையில் பச்சை குத்தியிருப்பதும் அதே எழுத்து. "அண்ணா, பத்திரிகை ஃபுல்லா இதுலதான். மாஸா இருக்கணும்" என்றார். அக்காவுக்கு மனசில்லை. "கல்யாணத்துக்குப் போட்டா அது கல்யாண எழுத்து, அக்கா" என்று நான்தான் சிரித்து மழுப்பினேன்.

பெண் வீட்டு வரியை அடித்தேன். அதையே நகலெடுத்து, மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களை ஏற்றினேன். நான், பெண், மாப்பிள்ளை மூன்று பேரும் பார்த்து ஓகே சொன்னோம். மறுநாள் காலையிலேயே மாப்பிள்ளை தன் வீட்டுக்கான பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் அக்கா வந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பர்ஸிலிருந்து கணவரின் நினைவு அட்டையை எடுத்துப் பத்திரிகை பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வளைவாக விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, எங்க வூட்டுக்காரர் பேருக்கு முன்னாடி ஒரு குட்டி எழுத்து கீது. ரெண்டுலயும் கீது, சரி. சம்பந்தி பேருக்கு முன்னாடியும் கீதே, அது இன்னா?"

குனிந்து பார்த்தேன். 'லேட்'. காலமானவர்களுக்குப் போடுவது. நகலோடு கூடவே வந்திருக்கிறது. சம்பந்தியோ தினமும் கடலுக்குப் போய் வருகிற மனிதர்.

என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "உசுரோட இருக்கறவரையா?" என்றார்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணா, ஒரு வார்த்தைகூட யாராலயும் படிக்க முடியல, ஆனா செம கெத்து! அப்பாவுக்கு ஒரே குஷி. படகுல கூட வர்றவங்களுக்குக் காட்டறேன்னு ஒண்ண சட்டைப் பையில வச்சிக்கினு வலை விடப் போயிட்டாரு. காத்து ஜாஸ்தியா கீது, போவாதன்னேன். எங்க கேக்கறாரு?"

அக்கா போன் பக்கம் சாய்ந்தார். "கரைக்கு வந்ததும் அவரைப் பேசச் சொல்லுப்பா."

"இன்னா அத்தை, எதுனா பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. அவர் குரலக் கேக்கணும்."

எல்லாவற்றையும் வேறு எழுத்தில் மாற்றி அடித்துத் தருகிறேன் என்றேன். அக்கா காதில் வாங்கவேயில்லை. ஸ்டூலை இழுத்துப் போன் முன்னால் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். இரண்டு தடவை மணி அடித்தது. இரண்டுமே ஸ்டிக்கர் கேட்டு வந்தவை. மூன்றாவதாக மாப்பிள்ளை நம்பர் வந்தது. எடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு தம்பி" என்றார். "ஜெபம் முடிச்சிக்கிறேன்."