பாயின் மறுமுனை

ஒரு மனு வந்தால், ஏற்றாலும் மறுத்தாலும், மனுதாரருக்குப் பதில் தர வேண்டும். அரசுப் பணியில் இருந்தவரை நான் காப்பாற்றிய விதி இது. எங்கள் அண்ணன் தம் வாழ்நாளில் ஒரே ஒரு மனு அனுப்பினார். அதைக் கொண்டுபோனவன் நான்.

அண்ணன் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தார். நைனா இறந்ததும் பள்ளியை விட்டுப் படகேறினார், நான் படித்தேன். நினைவு மலர்களில் எல்லாரும் பொறுமைசாலிகள். அண்ணன் அப்படி அல்லர் என்பது உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்.

படகில் அவருக்குக் கூட்டாளி அண்ணியின் தம்பி. படகின் பாய் கிழிந்தால் இருவரும் கரையில் உட்காருவார்கள். மைத்துனர் துணியை இழுத்துப் பிடிப்பார். அண்ணன் கோணி ஊசியால் தைப்பார். ஒருமுறை அண்ணனுக்குக் காய்ச்சல். மூலைக்கு இரட்டைத் துணி கொடுக்காமல் மைத்துனரே தைத்துவிட்டார். அடுத்த முறை போனபோது நடு ஏரியில் காற்று அதைப் பிய்த்துவிட்டது. கரையேறியதும் அத்தனை பேர் முன்னால், "புடிக்கத்தான் நீ லாயக்கு. ஊசிய தொடாதே," என்றார் அண்ணன். மைத்துனர் மீஞ்சூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

அண்ணியும் காலமான பின் அண்ணன் தனியாகத் தைத்தார். ஒரு முனையைப் பாய்மரத்தில் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார். துணி சுருங்கும், பிரிப்பார், மறுபடி தைப்பார். நான் பிடிக்கப் போனால், "ஃபைல் புடிக்கிற மாரி கீது. உடு," என்பார்.

மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மூல பிஞ்சிட்ச்சி, புடிக்க ஆள் இல்லனு மச்சாங்கிட்ட சொல்லு."

"நீங்க மன்னிப்பு கேட்டீங்கன்னு சேத்துக்கட்டுமா?"

"நான் இன்னா சொன்னனோ அத சொல்லு."

சொன்னேன். மைத்துனர் கேட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். பிறகு நினைவூட்டல்களும் அளித்தேன். மீஞ்சூர் போய்த் திரும்பி நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதெல்லாம், எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று அண்ணன் பார்ப்பார். கேட்க மாட்டார். பாயின் மூலையில் ஊசியைக் குத்தி அப்படியே வைத்திருந்தார். ஏரிக்குப் போவதும் நின்றது. பிறகு படுத்தவர் எழவில்லை.

கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், தோள் கொடுத்த குப்பத்தாருக்கும், இந்த முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போன வருடம் காரியம் முடிந்து பந்தி நடந்தபோது மைத்துனரைக் காணவில்லை. தேடிப் போனேன். படகடியில், பாயின் மறுமுனையை இரு கையாலும் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட வாப்பா," என்றேன்.

"புடிச்சினு கீறேன், மாமா."

எதிரே, ஊசி குத்தியிருந்த பக்கத்தில், யாரும் இல்லை.

பதில் கிடைத்த நாள்: அண்ணன் மறைந்த பதினாறாம் நாள்.